மொய் நோட்டில் இல்லாத பெயர்கள்

உங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்து முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்தது, பந்தல் பிரித்தாயிற்று, வந்த உறவினர்களையும் பஸ் ஏற்றி அனுப்பியாயிற்று. அன்று இரவு நீங்கள் முதலில் தேடுவது எதை? மொய் நோட்டைத்தானே! யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்து முடித்த பிறகுதான் தூக்கம் வரும். எங்கள் மதுரைப் பக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், மொய் எழுதுகிறவரின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியிலேயே வாசித்து விடுவதும் உண்டு.

காரணம் இல்லாமல் இல்லை. மொய் என்பது தானம் அல்ல. திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. இன்று ஆயிரத்தொன்று எழுதியவர் வீட்டில் நாளை ஒரு விசேஷம் என்றால், நாம் அதற்குக் குறையாமல் எழுத வேண்டும். கொடுத்தவர் பெயர் தெரியாவிட்டால் திருப்பிச் செய்வது எப்படி?

இந்த வாரம் நான் சொல்ல வந்தது கல்யாண மொய்யைப் பற்றி அல்ல, சகோதரிகளே! தேர்தல் மொய்யைப் பற்றி. "அரசியலா? அது ஆண்கள் சமாசாரம் ஆயிற்றே" என்று பக்கத்தைப் புரட்டி, தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வீட்டுக் குடிதண்ணீர், ரேஷன் அரிசி, தறிக்கு வாங்கும் நூலின் விலை எல்லாவற்றுக்கும் இந்த மொய்யோடு சம்பந்தம் இருக்கிறது.

தேர்தல் என்றால் செலவு உண்டு. நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஜீப்புக்கு டீசல் போட வேண்டும். மேடை கட்ட வேண்டும். இந்தப் பணத்தைக் கட்சிகள் யாரிடமிருந்தாவது வாங்கித்தான் தீர வேண்டும். தெருமுனையில் தொண்டர்கள் உண்டியல் குலுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து ரூபாய் போடுகிறோம். யாரும் நம் பெயரைக் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். ஏனென்றால், பத்து ரூபாய் போட்டவர் நாளைக்கு மந்திரி வீட்டு வாசலில் போய் நின்று, "எனக்கு அந்தக் கான்ட்ராக்டைக் கொடு" என்று கேட்க முடியாது. பத்துக் கோடி கொடுத்தவரால் கேட்க முடியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

செல்லூர் நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கின குடும்பத்தில் தறி யாருக்காக ஓடும்? முன்பணம் கொடுத்தவருக்காகத்தான். கூலி போதவில்லை, வேறு இடத்தில் கூடக் கிடைக்கிறது என்றாலும் கடனை அடைக்காமல் தறியைத் திருப்ப முடியாது. சட்டசபைக்கும் பார்லிமென்டுக்கும் போகிற கட்சிகள் யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கின்றன என்று தெரிந்தால்தான், அங்கே ஓடுகிற தறி யாருக்காக ஓடுகிறது என்பது நமக்குப் புரியும்.

இந்தக் கவலை புதிது அல்ல. 1957-ல் டாடா இரும்புக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் விதிகளைத் திருத்திக்கொள்ள விரும்பிப் பம்பாய் ஹைகோர்ட்டுக்கு வந்தது. பிரதம நீதிபதி எம். ஸி. சாக்ளா அனுமதி கொடுத்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை; ஆகவே வேறு வழி இல்லை. ஆனால் இந்த வழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்து விடக்கூடும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். பிறகு 1960-ல் ஒரு சட்டம் வந்தது. கம்பெனி 25,000 ரூபாய், அல்லது மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஐந்து, இவற்றில் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம். கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும் என்றது.

அந்தக் காலத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஆளுங் கட்சியை எதிர்த்து வந்த கட்சி அது. 1961-ல் ஜே. ஆர். டி. டாடா, காங்கிரஸுக்குக் கொடுப்பது போல ராஜாஜி கட்சிக்கும் நன்கொடை கொடுக்கப் போவதாக நேருவுக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார். நேருவும் அது அவர்கள் இஷ்டம் என்று பதில் எழுதினார். கொடுக்கிறவர் ஒளிக்கவில்லை, அதிகாரத்தில் இருந்தவர் அதற்காகப் பழி வாங்கப் புறப்படவும் இல்லை.

1969-ல் இந்திரா காந்தி சர்க்கார், கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதையே தடை செய்தது. கதவைச் சாத்தினால் பூனை ஜன்னல் வழியாக வரும் என்பார்களே, அதுதான் நடந்தது. கணக்கில் வந்து கொண்டிருந்த பணம், பெட்டிக்குள் புகுந்து கறுப்புப் பணமாக வரத் தொடங்கியது. 1985-ல் ராஜீவ் காந்தி காலத்தில் தடை நீங்கியது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஏழரை வரை கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது.

அமெரிக்காவில் எப்படி என்று கேட்பீர்கள். அங்கே கம்பெனிகள் தேசியத் தேர்தல் அபேட்சகர்களுக்குப் பணம் கொடுப்பதை 1907-லேயே தடுத்து விட்டார்கள். 1943-ல் தொழிற்சங்கக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சங்கத்தின் பணத்தைத் தொடாமல், அங்கத்தினர்களிடம் தனியாக வசூலித்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். கம்பெனிகளும் பின்னால் அதே வழியைப் பிடித்தன. 'பொலிடிகல் ஆக்ஷன் கமிட்டி' என்று இவற்றுக்குப் பெயர். இப்படிப்பட்ட ஒரு கமிட்டி, காங்கிரஸ் சபைக்கு நிற்கும் ஓர் அபேட்சகருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர்தான் கொடுக்கலாம் என்று 1974-ல் வரம்பு கட்டினார்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதைத் தேர்தல் கமிஷன் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2010-க்குப் பிறகு அங்கேயும் அணை உடைந்தது. அபேட்சகர் கையில் நேராகக் கொடுக்காமல், அவருக்காகத் தனியே செலவு செய்யும் கமிட்டிகள் கணக்கில்லாமல் பணம் திரட்டலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே அக்கரைப் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம்!

இனி நம் கதைக்கு வருவோம். 2017-ல் பட்ஜெட்டோடு ஒரு திட்டம் வந்தது. 2018-ல் அமலுக்கும் வந்தது. தேர்தல் பத்திரம் என்று பெயர். ஸ்டேட் பாங்கில் பணத்தைக் கட்டி, 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கலாம். அதைப் பிடித்த கட்சியிடம் கொடுத்தால், கட்சி பதினைந்து நாளைக்குள் பணமாக மாற்றிக்கொள்ளும். பத்திரத்தில் வாங்கினவர் பெயர் இராது. கட்சியும் யார் கொடுத்தார் என்று தேர்தல் கமிஷனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, நூற்றுக்கு ஏழரை என்ற வரம்பையும் எடுத்து விட்டார்கள். லாபமே இல்லாத கம்பெனி கூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. நீங்கள் 1,000 ரூபாய்ப் பத்திரம் வாங்கியிருப்பீர்களா? நானும் இல்லை. விற்ற தொகையில் மிகப் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள்தான்.

"ஓட்டு ரகசியமாக இருக்கிறதே, நன்கொடையும் ரகசியமாக இருந்தால் என்ன?" என்று சர்க்கார் தரப்பில் வாதம் செய்தார்கள். எதிர்க் கட்சிக்குக் கொடுத்தால் ஆளுங் கட்சி பழி வாங்கும், ஆகவே கொடுப்பவரின் பெயரை மறைக்க வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடமிருந்து மறைக்கிறார்கள்? கொடுக்கிறவருக்குத் தெரியும், கையில் வாங்குகிற கட்சிக்காரருக்கும் தெரியாமல் போகாது, பாங்கிலும் கணக்கு இருக்கிறது. தெரியாதவர்கள் நீங்களும் நானும் மட்டுந்தான். ஓட்டை மறைப்பது எளியவரைக் காப்பாற்ற. கோடியை மறைப்பது யாரைக் காப்பாற்ற?

2024 பிப்ரவரி 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமுகமாக இந்தத் திட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஓட்டுப் போடுகிறவருக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு. வரம்பில்லாமல் கம்பெனிகள் கொடுக்கலாம் என்பதும் தப்பு என்றார்கள். விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை தவணை கேட்டது ஸ்டேட் பாங்க். கோர்ட்டு மறுத்த மறுநாளே, மார்ச் 12-ந் தேதி, விவரங்களைக் கொடுத்து விட்டது! மார்ச் 14-ல் மொய் நோட்டு வெளியாயிற்று.

அதில் நம் ஊர்ப் பெயர்களும் இருந்தன. இந்தியாவிலேயே அதிகமாகப் பத்திரம் வாங்கியது எது தெரியுமா? கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி வியாபாரி ஒருவரின் கம்பெனி. 1,368 கோடி ரூபாய். லாட்டரிச் சீட்டால் எத்தனை குடும்பங்களில் உலை வைக்க அரிசி இல்லாமல் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். 2003-ல் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள். மற்ற ராஜ்யங்களில் சீட்டு விற்றுச் சேர்ந்த பணம், பத்திரமாகத் திரும்பி வந்தது. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.கழகத்துக்கும், 540 கோடிக்கு மேல் வங்காளத்துத் திரிணமூல் காங்கிரஸுக்கும் போயிற்று. அ.தி.மு.கழகம் வாங்கியது 6 கோடி சொச்சம். பெரும்பகுதி சென்னை கிரிக்கெட் அணியின் கம்பெனி கொடுத்தது. எல்லாக் கட்சிகளிலும் அதிகமாக வாங்கியது மத்தியில் ஆளும் பாரதீய ஜனதாக் கட்சி. 2019 ஏப்ரல் முதல் மட்டும் 6,000 கோடிக்கு மேல். இன்ன காரியத்துக்காக இன்ன பணம் என்று கோர்ட்டு தீர்மானித்துச் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் கேள்வி கேட்க நமக்கு இப்போது ஒரு நோட்டு கிடைத்திருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பத்திரமே வேண்டாம் என்று மறுத்து, கோர்ட்டுக்கும் போன கட்சி மார்க்ஸிஸ்ட் கட்சி. அதே கட்சி 2019-ல் மதுரைப் பார்லிமென்ட் தொகுதியில் தி.மு.க. கூட்டணியில் நின்று ஜெயித்தது. அந்தத் தேர்தலில் தோழமைக் கட்சிகளான இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடியும், மார்க்ஸிஸ்டுக்கு 10 கோடியும் கொடுத்ததாகத் தி.மு.க. கமிஷனுக்குக் கொடுத்த கணக்கில் இருந்தது. பாங்கு மூலம் வந்த தேர்தல் செலவுப் பணம் என்று அந்தக் கட்சிகள் சொல்லின. அதைச் சரியென்பதோ தவறென்பதோ உங்கள் இஷ்டம். கணக்கு வெளியே வந்ததால்தான் அந்த இஷ்டமே உங்களுக்குக் கிடைத்தது.

இப்போது எல்லாம் சரியாகி விட்டதா? இல்லை. ஓர் அபேட்சகர் பார்லிமென்டுக்கு 95 லட்சமும், சட்டசபைக்கு 40 லட்சமும் செலவு செய்யலாம் என்று 2022-ல் வரம்பு வைத்தார்கள். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைக்குப் பெயர் சொல்ல வேண்டாம். 'எலெக்டோரல் டிரஸ்ட்' என்ற அமைப்புகள் பல கம்பெனிகளிடம் வாங்கிப் பல கட்சிகளுக்குக் கொடுக்கின்றன. கொடுத்தவர் பட்டியலும் வாங்கியவர் பட்டியலும் வெளியே வருகின்றன. யார் பணம் யாருக்குப் போயிற்று என்பது மட்டும், ஒரே பானையில் கொட்டிக் கலந்து விடுவதால், பல சமயம் தெரிவதில்லை.

இந்தப் பணத்தில் கொஞ்சம் உங்கள் வாசலுக்கும் கவரில் வரக்கூடும். 2009-ல் நம் பக்கத்துத் திருமங்கலத்தில் நடந்த இடைத் தேர்தல், அந்தக் கவருக்குத் தன் பெயரையே கொடுத்து நாடு முழுவதும் பிரபலமாகி விட்டது. கவரில் வருவது இனாம் அல்ல. எவரோ கொடுத்த முன்பணத்தில் ஒரு பங்கு. அதை வட்டியோடு வசூலிக்கும்போது நம்மிடம்தான் வசூலிப்பார்கள்.

தேர்தல் கமிஷனின் இணையதளத்தில் ஒவ்வொரு கட்சியும் வருஷந்தோறும் கொடுக்கும் நன்கொடைப் பட்டியல் இருக்கிறது. அபேட்சகரின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரமும் இருக்கிறது; 2003-லிருந்து அதையும் கோர்ட்டு கட்டாயமாக்கி விட்டது. கல்லூரியில் படிக்கும் பெண்ணிடமோ பிள்ளையிடமோ சொல்லி, ஒரு நாள் அந்தப் பட்டியலைப் போனில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கல்யாண மொய் நோட்டைப் பார்ப்பது போலவே, பெரிய தொகைகளிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த தடவை அபேட்சகர் கைகூப்பிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வரும்போது, அந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லி, "இவர் உங்கள் கட்சிக்கு என்ன வேண்டும், ஐயா?" என்று மரியாதையாகவே கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.