யன்னலும் ஏசியும்

சகோதரிகளே, வெளிநாட்டுத் தம்பி காசு அனுப்ப, அறைக்கு ஏசி பூட்டிய வீடுகள் இப்போது எங்கள் ஊர்களிலும் உண்டு. பூட்டிய கையோடு யன்னலையும் அடைத்துவிடுகிறோம். ஆண் துணையில்லாத வீட்டில் இரவில் யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால், சுவரில் பூட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிராக்கி, ஈரத்தை நீராக வடித்துத் திரும்ப விடுகிறது. நாலு பேர் மூச்சுவிட்ட அறை விடியும்போது புழுங்கிக் கிடப்பது இதனால்தான்.

விடிந்ததும் ஏசியை நிறுத்தி, எதிரெதிர் யன்னல்களை அரை மணித்தியாலம் திறவுங்கள். சோளகம் வீசும் காலத்தில் பல இரவுகளுக்கு மின்விசிறியே போதும். மாரியில் வெளிக்காற்றே ஈரம்; மழை விட்ட நேரம் பார்த்துக் கொஞ்சம் திறந்தால் போதும். ஏசி ஓடும்போது திறந்து வைத்தால் கரண்ட் காசுதான் கூடும். 26 பாகையில் விடுங்கள். ஈர உடுப்பை அறைக்குள் காயப்போடாதீர்கள். பூஞ்சணம் பிடிக்கும், முட்டு உள்ள பிள்ளைக்கு ஆகாது.

இரவுக்கு ஒரு வழி உண்டு. கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களை ஏசிக்காக முழுவதும் சீமெந்தால் பூசிவிடாதீர்கள். ஒன்றையாவது விட்டு, கம்பியும் நுளம்பு வலையும் அடியுங்கள். ஏசி போடும்போது பலகைத் துண்டால் முக்கால்வாசி மூடிக்கொள்ளலாம்.