லாம்பு வெளிச்சத்துக்கு வாடகை

இந்த லீவுக்கு உங்கட போனிலயும் அந்த ரீல் வந்திருக்கும். காட்டுக்குள்ளே ஒரு பங்களா. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. மேசையில் ஒரு லாம்பு, பின்னால் மயில் கத்துகிற சத்தம். கீழே "வாழ்ந்தா இப்பிடி வாழோணும்" எண்டு வரிசையாக் கொமென்ட்.

நாங்களும் போனோம், மறைக்க ஒண்டுமில்லை. கம்பஸ் கூட்டாளிமார் எட்டுப் பேர் காசு சேர்த்து, அரசாங்கக் காட்டு பங்களா ஒன்றில் ஓர் இரவு தங்கினோம். அரிசி, பருப்பு, குடிதண்ணீர், பெட்சீட் எல்லாம் நாங்களே கட்டிக்கொண்டு போகவேணும். பங்களாவைப் பார்க்கிற ஐயா சமைத்துத் தருவார். இரவு குளத்துப் பக்கம் யானை தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது. ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அந்த இரவு அழகானது. அதைப் பொய் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை.

திரும்பி வந்து படங்களைக் காட்டினபோது எங்களில் ஒருத்தியின் அம்மா சிரித்தா. "காசு குடுத்தோ லாம்பு வெளிச்சத்தில இருந்தனீங்கள்? நாங்கள் சும்மாவே இருந்தனாங்கள்." அவ சம்பூர். 2006 இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமுக்குப் போனவ. சம்பூர்ச் சனத்துக்குக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 இல்தான். கிட்டத்தட்ட ஒன்பது வருசம் கொட்டிலில் இருந்த வாழ்க்கையை ஒருத்தரும் 'எளிமை' என்று ரீல் போடவில்லை.

எங்கட பிரச்சினை பங்களா இல்லை. எது காடு, அதில் ஆர் படுக்கலாம் என்று தீர்மானிக்கிறது ஆர்? எங்கட பிரச்சினை அதுதான்.

இருபது வருசம் ஆள் இல்லாத வயலில் என்ன வளரும்? முதலில் பற்றை, பிறகு பாலையும் வீரையும். யுத்தத்தில் ஓடின சனத்தின் காணியிலும் அதுதான் நடந்தது. ஊர் திரும்பினால், அங்கே எல்லைக்கல். குச்சவெளிப் பக்கம் மக்கள் 'எங்கட வயல்' என்று சொல்லுகிற நிலத்தை வனவளத் திணைக்களம் 'காடு' என்று சொல்லுகிற பிணக்கு வருசக்கணக்காக இழுபடுகிறது. திரியாய் சனம் ஊரை விட்டு ஓடினது 1985 இல். ஓடினது அவர்களின் குற்றமா? மேலேயிருந்து எடுத்த படத்தில் பச்சை தெரியும். அந்தப் பச்சைக்குக் கீழே கிடக்கிற வரம்பும் கிணறும் தெரியாது.

இப்ப துறைமுகத்தைப் பாருங்கோ. அதைச் சுற்றியுள்ள காட்டின் ஒரு பகுதி 1963 முதல் சரணாலயம். நல்லது. ஆனால் அதே துறைமுகத்துக்குள் சோபர் தீவில் கடற்படை விடுதி நடத்துகிறது. சீனன்குடாப் பக்கம் மார்பிள் பீச்சில் விமானப்படை விடுதி. ஆக, காட்டோரம், கடலோரம் தங்கலாம். ரசீது இருந்தால் நீங்கள் இயற்கை ரசிகர். விறகுக் கட்டோடு பிடிபட்டால் குற்றவாளி.

வில்பத்துவில் 'பணிக்கர் வில்லு' என்று ஒரு பங்களா இருக்கிறது. பணிக்கர் என்றால் யானை பிடிக்கிறவர்; இந்தப் பக்கங்களில் அந்தத் தொழிலுக்குப் பேர்போனவர்கள் முஸ்லிம்கள். காட்டை உள்ளங்கைபோலத் தெரிந்தவர்களின் பெயர் பலகையில் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் இன்று அதே காட்டுக்குள் டிக்கெட் எடுத்துத்தான் போகவேணும்.

"அப்ப காட்டை வெட்டித் தள்ளச் சொல்லுறீங்களா?" என்று கேட்கிற தோழர்களே, இல்லை. கந்தளாய்ப் பக்கம் யானை ஊருக்குள் வருவது ஏன் என்று எங்களுக்கும் தெரியும். காடு வேணும். காட்டைக் காக்கிறதென்றால் அதன் ஓரத்தில் வாழுகிறவனை முதலில் வெளியே தள்ளவேணும் என்ற நினைப்புத்தான் வேண்டாம்.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. எல்லைக்கல் போட முதல், உறுதியும் பெர்மிட்டும் வைத்திருக்கிற ஊர்ச்சனத்தோடு அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். காட்டோரத்தில் தங்குமிடம் போடுவதென்றால் அதை ஊர்ச் சங்கங்களிடம் குடுங்கள். வருமானம் ஊருக்குள் நிற்கட்டும், காட்டைக் காக்க அவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும். அறிவித்தல்களைத் தமிழிலும் எழுதுங்கள். நாங்கள் தங்கின இடத்தில் "யானை வரும், இரவில் வெளியே போகாதீர்கள்" என்ற எச்சரிக்கை இரண்டு மொழியில் இருந்தது. தமிழில் இல்லை. தமிழ் அரச கரும மொழியாகி 1987 இலிருந்து எத்தனை வருசம் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ.

அடுத்த லீவுக்கும் நாங்கள் காட்டுக்குப் போவோம். நீங்களும் போங்கோ. லாம்பைக் கொளுத்திப் படம் எடுக்க முதல் பங்களா ஐயாவிடம் ஒரு கேள்வி கேளுங்கோ: "ஐயா, இஞ்ச முந்தி ஆர் இருந்தவை?"