கூலி யார் தருவது?

ஏழை மாணவர்கள் வகுப்பு முடிந்தபின் கல்லூரிக்குள்ளேயே வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், நூலகம், ஆய்வகம், கணினி அறை என்று வேலை இருக்கிறது, ஊதியம் மணிக்கணக்கில். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இந்த ‘படிக்கும்போதே சம்பாதி’ வழிகாட்டுதலைப் பாராட்டாதவர் இல்லை. அந்த ஊதியத்துக்கான பணத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தால் நாமும் பாராட்டியிருப்போம்.

தில்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் உள்ள மானியக் குழு அலுவலகத்திலிருந்து வந்தது அறிவுரை மட்டும்தான். காசுக்குக் கல்லூரி பொறுப்பு. எந்தக் கல்லூரி? ஏழை மாணவர் நிறைந்த கல்லூரி எதுவோ, அதுவே கையில் காசில்லாத கல்லூரி. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பை ஓட்டும் ஓர் அரசுக் கலைக் கல்லூரி, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் மாணவிக்கான கூலியை எந்தத் தலைப்பில் செலவு எழுதும்? நாளைக்குத் தணிக்கைக்காரர் கேட்டால் முதல்வர் என்ன பதில் சொல்வார்? தாராளமாகக் கொடுக்க முடிந்த தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. லட்சங்களில் கட்டணம் கட்டிச் சேரும் அந்த இடங்களில் இந்த வேலை யாருக்குத் தேவை?

நம் பிள்ளைகள் ஒன்றும் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. முதல் ஷிப்ட் முடிந்ததும் ஜவுளிக்கடைக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போகிறார்கள். இரவில் பெட்ரோல் பங்க், இல்லாவிட்டால் முதுகில் டெலிவரி பை. முகூர்த்த நாளில் வகுப்பில் ஏன் பாதிப் பேர் இல்லை என்று எந்தப் பேராசிரியரைக் கேட்டாலும் சொல்வார்: பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். மறுநாள் வந்து தூங்குவார்கள். கல்லூரிக்குள்ளேயே வேலை என்பதன் அருமை இங்கேதான். அலைச்சல் இல்லை, இரவுக் கண்விழிப்பு இல்லை, பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்ப வீட்டில் தயங்க மாட்டார்கள். இத்தனை நல்ல ஏற்பாட்டைக் காகிதத்தோடு நிறுத்திவிட்டார்களே என்பதுதான் எரிச்சல்.

முன்மாதிரி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் 1964 முதல் இப்படியொரு திட்டம் நடக்கிறது. பொதுவாக ஊதியத்தில் 75 சதவீதம் வரை மத்திய அரசின் பணம். இங்கேயே புனே பல்கலைக்கழகத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. படித்துப் பார்த்திருக்கலாம்.

ஆனால் மானியக் குழுவினரின் பழைய கணக்கைப் புரட்டினால் வியப்பு ஏற்படாது. 2015 அக்டோபரில், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேறாத ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை நிறுத்துவதாகத் திடீரென முடிவெடுத்தவர்கள் யார்? எம்.ஃபில்.லுக்கு மாதம் 5,000, பிஎச்.டி.க்கு 8,000 ரூபாய். அதுகூடக் கண்ணை உறுத்தியது. மாணவர்கள் அவர்கள் வாசலில் இரவு பகலாக உட்கார்ந்து, போலீசாரால் இழுத்துச் செல்லப்பட்ட பிறகே உதவித்தொகை தொடரும் என்ற அறிவிப்பு வந்தது. 2023இல் நெட் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்களுக்கு 31,000 ரூபாய் 37,000 ஆனது. நியாயம்தான். அந்த 8,000 மட்டும் அப்படியே கிடந்தது. 2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய நெட் தேர்வு மறுநாளே ரத்தானதையும் மறக்க முடியுமா? கடன் வாங்கிப் பேருந்து ஏறித் தேர்வு மையத்துக்குப் போனவர்களின் செலவை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

ஏழை மாணவர் என்றால் இவர்களுக்கு அறிக்கையில் ஒரு பத்தி. அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது.

மத்திய அரசோ மாநில அரசோ, யாராவது பையை அவிழ்த்தாக வேண்டும். அதுவும் அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன். எந்தக் கணக்கில், எந்த விகிதத்தில் என்பதை அவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்? அந்தச் சம்பளத்தைக் கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று இதுவரை எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.