வயதா, நிலையா? ஓர் இரட்டைச் சிலிண்டர் யமஹா கிளப்பும் கேள்வி

டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர வட்டாரத்திலும் 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வாகனம் சாலைக்கு வரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை, 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1ஆம் தேதி ஒரு படி மேலே போய், அத்தகைய வாகனங்களுக்கு எண்ணெய் நிலையங்களில் பெட்ரோலே ஊற்றக்கூடாது என்ற உத்தரவு டில்லியில் நடைமுறைக்கு வந்தது. மக்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் விதி தளர்வதும் இறுகுவதுமாகவே இருக்கிறது.

அந்தத் தடை வட்டத்துக்குள்தான் ஃபரிதாபாத் நகரமும் வருகிறது. இந்தியாவில் இன்று லட்சங்களில் விலை பேசப்படும் ஒரு மோட்டார் சைக்கிள் பிறந்த ஊர் அது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய யமஹாவோடு கைகோத்து 1983இல் வெளியிட்ட ராஜ்தூத் 350தான் அந்த மோட்டார். செய்த ஊரிலேயே ஓடத் தடையுள்ள வாகனம், சேகரிப்பாளர்கள் தேடி அலையும் வாகனமாகவும் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் தோனியின் ராஞ்சி வீட்டுச் சேகரிப்பிலும் ஓர் ஆர்.டி.350 உண்டு.

இதன் மூலம் 1973இல் யமஹா வெளியிட்ட ஆர்.டி.350. 347 சி.சி., பக்கத்தில் பக்கமாக இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், ஆறு கியர். இஞ்சின் டூ ஸ்ட்ரோக் வகை. அதாவது கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடித்துத் தள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். இந்தக் கணக்கினால்தான் 39 குதிரைச் சக்தியை அவ்வளவு சிறிய இஞ்சினிலிருந்து எடுக்க முடிந்தது. கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையே மெல்லிய நாக்குகள் போன்ற ரீட் வால்வைப் பொருத்தினார்கள். உள்ளே போன கலவை திரும்பி வராது. குறைந்த வேகத்திலும் இழுவை கிடைக்கும். எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் பம்பும் இருந்ததால் பெட்ரோலில் அளந்து கலக்கும் வேலையும் இல்லை.

பிறந்த நேரம்தான் சரியில்லை. அதே 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, உலகம் முழுக்கப் பெட்ரோல் விலை எகிறியது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் நெருக்கின. ஆர்.டி.350 மூன்றே ஆண்டு தயாரிப்பில் இருந்தது. அடுத்து வந்த ஆர்.டி.400உம் 1979 மாடலோடு அமெரிக்கச் சந்தையில் முடிந்தது. 1980இல் யமஹா தண்ணீரில் குளிரூட்டும் ஆர்.டி.350 எல்.சி.க்கு மாறிவிட்டது.

ஆக, 1983இல் இந்தியருக்குக் கிடைத்தது ஜப்பான் கைவிட்டுப் பல ஆண்டான மோட்டார். அதிலும் சக்தியைக் குறைத்தார்கள். முதலில் வந்த ‘ஹை டார்க்’ வகைக்கு 30.5 குதிரைச் சக்தி, பின்னால் வந்த ‘லோ டார்க்’ வகைக்கு 27. முன் சக்கரத்தின் டிஸ்க் பிரேக் போய் டிரம் பிரேக் வந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததைப் புரிந்துகொள்ளலாம். நிறுத்தும் சக்தியில் கைவைத்ததற்கு என்ன நியாயம் சொல்வது?

விலை ஏறக்குறைய 18,000 ரூபாய். லிட்டருக்கு 20, 25 கிலோமீட்டர் ஓடினால் பெரிது. அதே நேரத்தில் தமிழ்நாட்டின் ஓசூரிலிருந்து 1984இல் இண்ட் சுஸுகி 100 சி.சி. மோட்டார் வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்ற விளம்பரத்தோடு வந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனமே அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ்.100ஐக் கொண்டுவந்தது. வேகம் பிடித்த இளைஞருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கனமான வண்டி வேண்டியவர்களுக்குத் திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட் இருந்தது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊர்களிலும் கிடைத்தார். ராஜ்தூத் 350க்கு உதிரிப் பாகமும் கிடையாது, கை வைக்கத் துணிந்த பட்டறைகளும் குறைவு. 1980களின் முடிவோடு அதன் கதை ஏறக்குறைய முடிந்தது.

அதைப் பிழைக்க வைத்தவர்கள் பந்தயக்காரர்களும் தெருவோரப் பட்டறைக்காரர்களும்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் இந்த இஞ்சினின் அலறல் பழக்கமான ஒன்று. இரண்டு கார்பரேட்டரையும் ஒரே மூச்சில் இயங்க வைப்பது இரட்டை மாட்டு வண்டி ஓட்டுவது போன்ற வேலை. ஒரு மாடு முந்தினால் வண்டி கோணும். இதைக் காதால் கேட்டே சரிசெய்யும் ஆட்கள் இருந்ததால்தான் இந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது. நிறுவனங்கள் விற்பது வேறு. 2025 நவம்பரில் யமஹா இந்தியாவில் இறக்கிய எக்ஸ்.எஸ்.ஆர்.155க்குப் பழைய காலத்து முகம் உண்டு; உள்ளே ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின்.

மலேசியாவில் 350 சி.சி. இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சாதாரணக் குடும்பத்தின் வாகனமாகாமல் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். பி2 உரிமம் 250 சி.சி.யோடு நின்றுவிடும்; அதற்கு மேல் முழு பி உரிமம் வேண்டும். 150 சி.சி. வரையுள்ள மோட்டாருக்கோ பல்லாண்டுகளாக ஆண்டுச் சாலை வரி 2 ரிங்கிட். தோட்டத்துச் சம்பளம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. லயத்து வாசலில் நின்றது கப்சாய். வேகம் வேண்டிய இளையோருக்கு 1985 முதல் யமஹா ஆர்.எக்ஸ்.இசட். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், ஆனால் 133 சி.சி., ஒற்றைச் சிலிண்டர்.

கேமரன் மலைச் சாலையை எடுத்துக்கொண்டாலும் கணக்கு இதேதான். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் ஆர்.டி.க்கு 3 லிட்டர். பூடி95 திட்டத்தின் 1 ரிங்கிட் 99 சென் விலையில் ஏறக்குறைய 6 ரிங்கிட். லிட்டருக்கு 50 ஓடும் கப்சாய்க்கு 2 ரிங்கிட் 40 சென் போதும். ஏற்றத்தில் இரண்டுமே கூடுதலாகக் குடிக்கும் என்பது தனி. அதோடு தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரம். காற்று மெலிவதால் கார்பரேட்டரில் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். பிளக் கறுக்கும், இழுவை குறையும். இறக்கத்தில் வேறு ஆபத்து. டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக் போலப் பிடித்து நிறுத்தாது. வளைவுக்கு வளைவு டிரம் பிரேக்கையே நம்பினால் அது சூடேறி வழுக்கத் தொடங்கும்.

இருந்தாலும் பழைய டூ ஸ்ட்ரோக் மோகம் இங்கேயும் குறையவில்லை. 2024 ஆகஸ்டில் திரங்கானுவில் நடந்த ஆர்.எக்ஸ்.இசட். கூட்டத்துக்கு நாடெங்கிலுமிருந்து பல்லாயிரம் பேர் திரண்டார்கள். போலீசும் சாலைப் போக்குவரத்துத் துறையும் ஆயிரக்கணக்கில் சம்மன் கொடுத்தன. இது வயதின் குற்றம் அல்ல. புகைபோக்கியை மாற்றுவது, பதிவெண் தகட்டைச் சிறிதாக்குவது, ஓட்டும் விதம் எல்லாம் ஓட்டுபவரின் பொறுப்பு. புத்தம் புது மோட்டாரிலும் இவற்றைச் செய்யலாம்.

வயதை வைத்து வாகனத்துக்கு நாள் குறிப்பது அதிகாரிகளுக்குச் சுலபம். பதிவேட்டைப் பார்த்தால் போதும். மலேசியாவிலும் 2009இல் வாகனத் தொழில் கொள்கையின் ஒரு பகுதியாக, 15 ஆண்டைக் கடந்த வாகனங்களுக்குக் கட்டாயச் சோதனை அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அந்தத் திட்டம் அப்படியே நிறைவேறியிருந்தால் முதலில் அடிபட்டிருப்பவர்களில் கேமரன் மலைக்காரர்களும் இருந்திருப்பார்கள். பல பத்தாண்டு வயதான லேண்ட் ரோவர்கள் இன்றும் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கும் மலை அது.

பழைய இஞ்சினின் புகையை ஒதுக்கிவிட்டுப் பேசவும் முடியாது. டூ ஸ்ட்ரோக் எரிக்காத பெட்ரோலையும் எண்ணெயையும் வெளியே துப்புகிறது. டில்லிக் குழந்தைகளின் நுரையீரல் சேகரிப்பாளரின் ஆசையைவிடப் பெரிது. ஆனால் தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் ஏழு வயது லாரியும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும் நாற்பது வயது மோட்டாரும் ஒரே தராசில் நிற்காது. புகையையும் பிரேக்கையும் சோதித்து, ஓட்டும் தூரத்துக்கு வரம்பு வைத்தால் நியாயம் கிடைக்கும். சோதனை மையம் எட்டும் தூரத்திலும் கட்டணம் எட்டும் விலையிலும் இருக்க வேண்டும். ரிங்லெட்டுக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் சமவெளிக்கு இறங்கி வர வேண்டும் என்றால் அவர் சோதனைக்கே வரமாட்டார்.

இந்தியா 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள். வாகனத்துக்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. முதல் ராஜ்தூத் 350க்கு அந்த வயது 2033இல்தான் வரும். மிஞ்சியிருப்பவற்றில் பலவற்றுக்கு, உயிருக்குப் பயந்து முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் அந்த டிரம் பிரேக்கைப் பொருத்தச் சொல்வார்களா என்பதுதான் சேகரிப்பாளர்களின் இப்போதைய கவலை.