சான்றிதழ் மட்டும் போதுமா?



"விளையாட்டு நிர்வாகச் சான்றிதழ் எடுத்தால் வேலை உறுதி" என்று யாராவது சொன்னதும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். சற்றுப் பொறுங்கள்.

சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை. 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி, விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். ஆகவே, சட்டவிதி, ஆண்டுக் கூட்டம், கணக்கு வழக்கு தெரிந்த பிள்ளைக்கு மதிப்புண்டு. மலேசிய ஒலிம்பிக் மன்றம் நடத்தும் குறுகிய நிர்வாகப் பயிற்சியும் உதவும். ஆனால், குறுகிய பயிற்சியின் சான்றிதழ் டிப்ளோமாவுக்கு ஈடாகாது. பயிற்றுநர் சான்றிதழ் வேறு, நிர்வாகச் சான்றிதழ் வேறு என்பதையும் மறவாதீர்கள்.

டிப்ளோமா என்று சொல்லிக் கட்டணம் கேட்டால், அது மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் பதிவேட்டில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வெள்ளியும் கட்டாதீர்கள்.

இதற்கிடையே, பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியை நன்றாகத் தேறட்டும். உங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கு ஓராண்டு செயலாளராக இருக்கட்டும். கூட்டக் குறிப்பு, வரவு செலவு, மலாயில் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கட்டும். நேர்முகத் தேர்வில், "இதுவரை என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்பார்கள். அப்போது சான்றிதழோடு அந்தக் கோப்பையும் எடுத்து நீட்டலாம்.