அடுப்பும் கம்பியும் அதன் காவலனும்

பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்திமாரும், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரி விறகும் எரிந்த அடுப்பங்கரைகளில் எரிவாயு அடுப்பு குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்பொழுது அதன் அருகிலேயே இண்டக்ஷன் அடுப்பும் இடம் பிடித்து வருகின்றது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையின்றி வழங்கத் தொடங்கிய மிக்சியும் கிரைண்டரும் பல இல்லங்களில் உண்டு. புகையில்லாச் சமையல் தாய்மாரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லதே. ஆயினும், கடையில் விலையை விசாரிக்கும் நாம், வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றி விசாரிப்பதில்லை. இம்மாதம் அதனைச் சிறிது சிந்திப்போம்.

கணக்கு எளிது. பொருளின்மேல் எழுதியுள்ள வாட்டை 230-ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்புக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர், 1500 வாட் வெந்நீர்க் கெட்டிலுக்கு 6.5, 750 வாட் மிக்சிக்கு 3.3, 700 வாட் சோற்றுக் குக்கருக்கு 3. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் நான்கும் ஒன்றாக ஓடினால் 21.5 ஆம்பியர் ஆகிவிடும்.

அச்சமயம் மீட்டர்ப் பலகையிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது நாம் டிரிப்பர் என்று அழைப்பது, விழக்கூடும். தூக்கிவிட்டால் மீண்டும் விழும். இல்லத்தார் சலிப்படைந்து, "பெரிதாக ஒன்று போட்டுவிடுங்கள்" என்பார்கள். 16 இருந்த இடத்தில் 32 வந்து அமரும். அதன்பின் விழுவதில்லை, எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில் ஆபத்து தொடங்குவது அன்றுதான்.

டிரிப்பர் அடுப்பைக் காப்பதற்காக வைக்கப்பட்டதன்று. கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. பொருள்கள் இழுக்கும் மின்னோட்டத்தைவிட டிரிப்பரின் அளவு குறையலாகாது. கம்பி தாங்கும் அளவை டிரிப்பர் மிஞ்சலாகாது. இவ்விரண்டில் பின்னதை மீறுவதே பெருங்கேடு. 32 ஆம்பியர் டிரிப்பர் 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமலே நிற்கும். 46 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் மெல்லிய கம்பியின் கதி என்னவாகும்? மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வெப்பத்திற்கே ஏற்றது. அதற்குமேல் உறை நாளுக்கு நாள் இறுகி, வெடித்து, ஒருநாள் தீயாகின்றது.

நம் வட்டாரத்து வெயிலையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும். சுவர்க் குழாய்க்குள் செல்லும் செம்புக் கம்பி, 30 டிகிரி வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் 87 விழுக்காட்டையே 40 டிகிரியில் தாங்கும். அக்கணக்கின்படி கத்திரி வெயிலில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 15 ஆம்பியரும், 2.5 கம்பி 21 ஆம்பியரும், 4 கம்பி 28 ஆம்பியரும் தாங்கும். தகரக் கூரைக்கு அடியில் 50 டிகிரி கொதித்தால், 1.5 கம்பி 12 ஆம்பியருக்கே திணறும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட பழைய கம்பியில் அடுப்பை மாட்டலாகாது என்பது இதனால் விளங்கும்.

"வெளிநாட்டில் அடுப்புக்கு 32 ஆம்பியர்தானே போடுகிறார்கள்?" என்று அங்கு வேலை செய்து திரும்பியவர்கள் கேட்கலாம். உண்மைதான்; ஆனால் இங்கிலாந்து வீடுகளில் 32 ஆம்பியர் அடுப்புச் சுற்றுக்குப் பெரும்பாலும் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தனியே இழுக்கிறார்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பியை விட்டுவிடுவது அறிவுடைமையாகாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? 2000 வாட் வரையுள்ள ஒற்றை அடுப்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியே இழுத்து, 16 ஆம்பியர் பிளக்கும் 16 ஆம்பியர் டிரிப்பரும் வைத்தல் வேண்டும். 3500 வாட் இரட்டை அடுப்பு 15 ஆம்பியருக்குமேல் இழுப்பதால், அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் டிரிப்பரும் ஏற்றவை. கெட்டிலும் சோற்றுக் குக்கரும் வேறு சுற்றில் இருக்கட்டும். பியூஸ் கட்டை உள்ள வீடுகளில், பியூஸ் போனதென்று கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றுவதும், பெரிய டிரிப்பர் போடுவதும் ஒரே குற்றமே.

மற்றொன்றும் உண்டு. டிரிப்பர் மின்னதிர்ச்சியிலிருந்து ஆளைக் காப்பதில்லை. ஈரக்கையுடன் புழங்கும் சமையலறைக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் தேவை.

ஆகவே, டிரிப்பர் அடிக்கடி விழுமானால் அதனைச் சினந்துகொள்ளாமல், முதலில் ஒரு பொருளை நிறுத்திப் பாருங்கள். அப்பொழுதும் விழுந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். "பெரிதாகப் போடுங்கள்" என்று கூறாமல், "இந்த லைனில் ஓடும் கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்த பின்னரே டிரிப்பரைத் தொடச் சொல்லுங்கள். புதுக்கம்பி இழுக்கச் சில ஆயிரம் செலவாகலாம். கூரைக்கடியில் உறங்கும் பிள்ளைகளை எண்ணினால் அது பெரிய செலவன்று.