காற்புள்ளியைக் கைவிடேல்

 

ஒரே கூரையின்கீழ் மூன்று மொழிகளைக் கற்கும் பேறு பெற்றவர்கள் நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள். தாய்மொழியாம் தமிழையும், நாட்டு மொழியாம் மலாயையும், உலகத் தொடர்பு மொழியாம் ஆங்கிலத்தையும் அவர்கள் முதலாம் ஆண்டிலேயே எழுதத் தொடங்கிவிடுகின்றனர். இப்பேற்றினூடே ஒரு சிக்கலும் உண்டு. ஒரு மொழியின் வழக்கத்தை மற்றொரு மொழியின்மேல் அறியாமலேயே ஏற்றிவிடுகின்றோம். ஆங்கிலத்தில் பல பொருள்களை வரிசையாக எழுதும்போது நம் மாணவர்கள் காற்புள்ளியை விட்டுவிடுவது இதற்குத் தக்க சான்றாகும்.

"இத்துணைச் சிறிய குறிக்கு ஒரு கட்டுரையா?" எனச் சிலர் நகைக்கக்கூடும். யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. இனிப் புள்ளிக்கும் கோட்டுக்கும் மதிப்பெண் குறைப்பவர் யார் என்று எண்ணுவோரும் உளர். நம் கருத்து இதற்கு மாறானது. காற்புள்ளி மதிப்பெண்ணுக்காக இடப்படுவதன்று. பொருள் தெளிவுக்காக இடப்படுவது. தேர்வு போயினும் அதன் தேவை போகாது.

முதலில் நம் தமிழின் இயல்பை நோக்குவோம். "தந்தையும் தாயும் தம்பியும் வந்தனர்" என்கிறோம். இங்கு "உம்" என்னும் இடைச்சொல் ஒவ்வொரு பெயரோடும் ஒட்டி நிற்கின்றது. இதனை எண்ணும்மை என்பர் இலக்கண நூலார். ஒவ்வொரு சொல்லும் தன் எல்லையைத் தானே காட்டி நிற்பதால், குறியின்றியும் பொருள் விளங்குகின்றது. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியின்றியே எழுதினர். அச்சுக்கலை பரவிய பின்னரே இக்குறி தமிழில் நிலைபெற்றது.

ஆங்கிலத்தின் இயல்பு வேறு. பெயரோடு ஒட்டி நிற்கும் "உம்" அங்கில்லை. "அண்ட்" என்னும் தனிச்சொல் உண்டு. அதுவும் வரிசையின் இறுதிப் பொருளுக்கு முன் ஒருமுறை வருவதே பெருவழக்கு. எஞ்சிய இடங்களிலெல்லாம் ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பொறுப்பு காற்புள்ளியையே சாரும். நம் தமிழில் "உம்" செய்யும் பணியை ஆங்கிலத்தில் காற்புள்ளி செய்கின்றது. இந்த உண்மையை மாணவர் உணர்ந்தால் பாதிப் பிழைகள் நீங்கிவிடும்.

"கோமா" என்னும் பெயரே "வெட்டப்பட்ட துண்டு" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ் என்பாரின் நூல்களில்தான் அது இன்றைய வளைந்த வடிவைப் பெற்றது. மலாய் மொழியிலும் "கோமா" என்றே வழங்குகின்றது.

மாணவர் ஏடுகளில் மூன்று வகைப் பிழைகளை நாம் காண்கின்றோம். சிலர் "உம்" போடும் பழக்கத்தால் ஒவ்வொரு பொருளுக்கும் "அண்ட்" போடுகின்றனர். சிலர் எதுவுமே இடாமல் ஒரே மூச்சில் எழுதிச் செல்கின்றனர். வேறு சிலர் "பாட்" என்னும் வினைச்சொல்லை எழுதியவுடனேயே ஒரு காற்புள்ளியை இட்டுவிடுகின்றனர். வினைக்கும் முதற் பொருளுக்கும் இடையே அது தேவையற்றது.

இரண்டாம் வகைப் பிழையே பொருளை மாற்றவல்லது. அம்மா கடையில் "கோகனட், மில்க் அண்ட் சுகர்" வாங்கினார் என்றால் தேங்காய், பால், சர்க்கரை என மூன்று பொருள்கள். காற்புள்ளியை நீக்கிவிட்டால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என இரண்டே பொருள்கள். ஒரு குறி போனவுடன் கூடையில் ஒரு பொருள் குறைந்துவிட்டதன்றோ?

இனி, "அண்ட்" என்பதற்கு முன்னும் காற்புள்ளி வேண்டுமா என்னும் வினா எழும். ஆங்கிலேயரிடையே இது நெடுநாள் வழக்காடு. பிரிட்டிஷ் நாளேடுகள் பெரும்பாலும் அதனை இடுவதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் இடும் மரபைக் கொண்டது. ஆதலின் அதற்கு "ஆக்ஸ்போர்டு காற்புள்ளி" என்றே பெயர் வழங்குகின்றது. அமெரிக்க நூல்களிலும் அது மிகுதி. 

ஒருபுறம் மட்டும் சரியென்று நாம் வாதிட விரும்பவில்லை. ஐயம் எழாத இடத்தில் விடலாம். ஐயம் எழும் இடத்தில் இட்டே ஆகவேண்டும் என்பதே நம் துணிபு. விளையாட்டுப் போட்டிக்கு "ரெட், புளூ, கிரீன் அண்ட் வைட்" கொடிகள் வேண்டுமென எழுதினால், நான்கு நிறக் கொடிகளா, அல்லது பச்சையும் வெள்ளையும் கலந்தது ஒரு கொடியா? "கிரீன்" என்பதன்பின் ஒரு காற்புள்ளி இட்டால் ஐயம் அகலும்.

இது பள்ளிக்கூடத்து வழக்கு மட்டுமன்று. உழைப்போரின் ஊதியத்தையே தொடும் வழக்கு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் சம்பளம் கோரி 2014இல் வழக்குத் தொடுத்தனர். வாரத்தில் 40 மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்பது அம்மாநிலச் சட்டம். ஆயின், உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் முதலிய சில வேலைகளுக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. அவ்வரிசையின் இறுதியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்றிருந்தது. "ஷிப்மெண்ட்" என்பதன்பின் காற்புள்ளி இல்லை.

"அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலங்கட்டுதல்" என ஒரே வேலையா? "அனுப்புவதற்காகப் பொட்டலங்கட்டுதல், விநியோகித்தல்" என இரு வேலைகளா? ஓட்டுநர்கள் பொட்டலங் கட்டுபவரல்லர், விநியோகிப்பவர். ஒரே வேலையெனின் அவர்களுக்கு ஓவர்டைம் உண்டு, இரண்டெனின் இல்லை. தமிழில் சொல்லின் ஈறே இதனைக் காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்திலோ ஒரு காற்புள்ளியை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. சட்டம் தெளிவற்றது என்றும், ஐயமுள்ள இடத்தில் தொழிலாளர்க்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் 2017 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர இசைந்து வழக்கு முடிந்தது. மாநிலமும் அச்சட்ட வரியைத் திருத்தி, ஒவ்வொரு வேலைக்கும் பின் அரைப்புள்ளி இட்டது.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. இறுதிக் காற்புள்ளியை விட்டு எழுதுமாறு அம்மாநிலச் சட்டம் வரைவோர்க்கான கையேடே கூறியிருந்தது. விதியைப் பின்பற்றினால் மட்டும் போதாது. படிப்பவருக்கு எப்படி விளங்கும் என எண்ணியும் எழுதவேண்டும் என்பதே இதன் படிப்பினை.

பெற்றோர்களே! ஆங்கிலம் அறியோமே என நீங்கள் தயங்க வேண்டுவதில்லை. கடைக்கு வேண்டிய நான்கு பொருள்களைச் சொல்லி, அவற்றை ஒரே ஆங்கில வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். பின் காற்புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ இருந்தால் எண்ணிக்கை சரி. ஒன்றுமே இல்லையெனினும், நான்கு இருப்பினும் மீண்டும் எழுதச் சொல்லுங்கள். மாலையில் ஐந்து நிமிடம் போதும்.

நம் பிள்ளைகள் நாளை வேலைக்கு விண்ணப்பம் எழுதுவர். ஒப்பந்தங்களைப் படித்துக் கையொப்பம் இடுவர். அந்நாளில் ஒரு காற்புள்ளி எங்கே நிற்கின்றது, எங்கே நிற்கவில்லை எனக் கண்டுகொள்ளும் கண் அவர்களுக்கு வேண்டும். அக்கண்ணைத் திறக்க வேண்டிய இடம் தொடக்கப்பள்ளியே. தமிழை உயிரெனப் போற்றுவோம். பிற மொழிகளையும் பிழையறக் கற்போம்.

வாழ்க மாணவர்! வளர்க கல்வி!